நெட்வொர்க் வேலை: பணம் கட்டுவதற்கு முன்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமும் சுமார் ஆறு மணி நேரம் வரவில்லை. யாரும் ஹேக் செய்யவில்லை. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் பாதைகளைத் துண்டித்துவிட்டது. தூரத்திலிருந்து சரிசெய்யவும் வழியில்லாமல், ஆட்கள் நேரில் போக வேண்டியதாயிற்று. நம் குடியிருப்பில் மோட்டார் போடுகிறவரை எப்போது நினைக்கிறோம்? குழாயில் தண்ணீர் வராதபோது. நெட்வொர்க் வேலையும் அப்படித்தான்.

புதிதாகச் சேருபவர் பெரும்பாலும் கண்காணிப்பு மையத்தில் ஷிஃப்டில் உட்காருவார். திரையில் ஓர் இணைப்பு சிவப்பாக மாறினால் டிக்கெட் போட வேண்டும். கோளாறு கேபிளிலா, ஸ்விட்சிலா, இணைப்பு தரும் நிறுவனத்திலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ரவுட்டர், ஃபயர்வாலில் கைவைக்கும் பொறுப்பு பிறகுதான் வரும். அந்த மாற்றங்களும் நள்ளிரவில், மற்றவர்கள் தூங்கும்போது. தீபாவளியன்றும் ஒருவர் இருந்தாக வேண்டும். தொடக்கச் சம்பளமும் புரோகிராமர் வேலையைவிடக் குறைவாகவே இருக்கும். இதையெல்லாம் எந்த விளம்பரமும் சொல்லாது.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஓஎம்ஆரை மட்டும் பார்க்காதீர்கள். அடுத்த ஸ்டேஷன் பரனூரில் மகிந்திரா சிட்டி. நம் கேட்டிலிருந்து ஒரகடம் சாலை பிடித்தால் வரிசையாகத் தொழிற்சாலைகள். அங்கே ஒரு ஸ்விட்ச் படுத்தால் உற்பத்தி வரிசையே நிற்கும். சிறுசேரியில் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர் சென்னை. அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020-இல் இங்கிருந்துதான் தொடங்கப்பட்டது. தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் அரசுத் திட்டமும் இருக்கிறது. போட்ட ஃபைபரைப் பராமரிக்க ஆள் வேண்டுமே!

இனி பணத்துக்கு வருகிறேன். 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று பெரிய தொகை கேட்கும் இடங்களில் உடனே கட்டிவிடாதீர்கள். சிசிஎன்ஏ என்பது இப்போது ஒரே தேர்வு, 120 நிமிடம். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். பயிற்சிக்கான 'பாக்கெட் டிரேசர்' மென்பொருளை சிஸ்கோ இலவசமாகவே தருகிறது. முதலில் பிள்ளை அதில் ஒரு மாதம் உட்காரட்டும். ஒரு /26 நெட்வொர்க்கில் 64 முகவரிகள், அதில் கருவிகளுக்குக் கொடுக்க முடிவது 62. மீதி இரண்டு எங்கே போயின என்று தானாகத் தேடிப் பார்க்கிறானா, பார்க்கிறாளா என்று கவனியுங்கள். தேடினால் பணம் கட்டலாம். தேடாவிட்டால் அந்தப் பணம் வீட்டிலேயே இருக்கட்டும். கூடவே பைத்தானும் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்கள். நூறு ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றும் காலம் போய்க்கொண்டிருக்கிறது.

மகளை இரவு ஷிஃப்டுக்கு எப்படி அனுப்புவது என்று இரண்டு அம்மாக்கள் கேட்டிருந்தார்கள். இதற்காக மறுக்க வேண்டாம். கேப் வீட்டு வாசல்வரை வருமா, கூடப் பாதுகாவலர் இருப்பாரா என்று வேலையில் சேரும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். கடைசி ரயிலை நம்பி மட்டும் எந்த ஷிஃப்டையும் ஏற்க வேண்டாம்.

வீட்டில் பழைய வைஃபை ரவுட்டர் இருந்தால் தூக்கிப் போடாமல் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குக் கிளப் ஹவுஸில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவற்றை இணைத்துப் பார்க்கப் போகிறோம்.