வீதிக் குழியும் சபையின் கடமையும்



வன்னியில் துவிச்சக்கரவண்டி பலருக்குக் காலைப் போன்றது. வயலுக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் அதிலேயே செல்கின்றனர். போர்க்காலத்தில் எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது நோயாளரையும் அதுவே சுமந்தது.

மாரி வந்துவிட்டால் கிறவல் வீதிக் குழிகளில் நீர் நிறைந்துவிடும், ஆழம் தெரியாது. முன்சில்லு அதற்குள் இறங்க, ஓட்டியவர் கை முறிந்து விழுகிறார். “பார்த்து வந்திருக்கலாமே” என்று அயலார் சொல்லிவிடுகின்றனர். சட்டம் அதனோடு நின்றுவிடுவதில்லை.

முதலிலே, விழுந்த வீதி யாருக்குரியது என்று அறிதல் வேண்டும். ஏ-9 என்னும் கண்டி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி வகை வீதிகள் மாகாணத்துக்குரியவை. குளக்கட்டும் வாய்க்காற் கரையும் பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. எஞ்சிய உள்வீதிகள் பலவும் பிரதேச சபைக்குரியவை. தவறான கதவைத் தட்டி மாதங்களை இழந்தோர் வழக்கையே இழக்க நேரும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொது வீதிகளின் நிர்வாகத்தைச் சபையிடம் ஒப்படைக்கின்றது. சபை சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். அதன்மீது வழக்குத் தொடரலாம். 2023 மார்ச் முதல் 2025 வரை தேர்ந்த உறுப்பினர் இன்றிச் செயலாளர்களே நிர்வகித்த காலத்திலும் அந்த ஆள் மறைந்துவிடவில்லை.

ஆயினும் குழி இருந்தது என்பது மட்டும் போதாது. கவனயீனம் காட்டப்பட வேண்டும். குழாய் பதிக்க வெட்டிய அகழியை மூடாமலும் விளக்கு வையாமலும் விட்டால், வெட்டியவர் தப்புவது கடினம். தானாகவே தேய்ந்த குழியைத் திருத்தாது விட்டதே வழக்கென்றால், அது கடினமான வினா. நமது உரோமன் டச்சுச் சட்ட மரபையே கொண்ட தென்னாபிரிக்காவில், 1912ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று, தானே அபாயத்தைப் புகுத்தாத நகரசபையை வெறும் புறக்கணிப்புக்காகப் பொறுப்பாக்க மறுத்தது. இங்கிலாந்து அத்தகைய பழைய விலக்கை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கிற்று. 2000ஆம் ஆண்டில், நடைபாதைக் குழியில் விழுந்த ஒரு பெண்ணின் வழக்கில், தென்னாபிரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் கேப்டவுன் நகரசபையைப் பொறுப்பாக்கியது. எல்லாச் சபைகளுக்கும் ஒரே அளவு கடமை என்று அது சொல்லவில்லை; சபையின் பொருள் நிலையையும் வீதியின் போக்குவரத்தையும் நோக்கியே முடிவு என்றது. இத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் எடுத்துக்காட்டத் தக்கது.

வன்னிச் சபைகள் வசதி குன்றியவை என்பது உண்மை. தார் இடப் பணமில்லை என்ற விடை ஒரு நீதிபதிக்கு ஏற்புடையதாகலாம். எச்சரிக்கை செய்யப் பணமில்லை என்பது எப்படிப் பொருந்தும்? நம் ஊர்களில் அயலவரே குழிக்குள் ஒரு மரக்கிளையை நட்டுவிடுகிறார்கள். அதற்கு என்ன செலவு!

ஆகையால் விபத்துக்கு முன் எழுதப்பட்ட முறைப்பாடு பெறுமதி உள்ளது. சபை குழியை அறிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பேண வேண்டும். விபத்து நேர்ந்தபின் குழியைப் படம் பிடித்து வைப்பதும் நன்று. சபை மறுநாளே அதை நிரப்பிவிடக்கூடும். வழக்குத் தொடருமுன் ஒரு மாத எழுத்துமூல அறிவித்தல் கொடுத்தாக வேண்டும். வழக்குக்குரிய தவணையும் சில மாதங்களே. ஆதலின் எலும்பு பொருந்தும்வரை காத்திருத்தல் ஆகாது.

இருளில் விளக்கின்றி ஓட்டியவரும் நட்டஈட்டை முற்றாக இழக்கவேண்டியதில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவருடைய தவற்றின் அளவுக்கே தொகை குறைக்கப்படும்.