புதிய சபைகள் நிலைபெறும் வகை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



புதிதாய் நாட்டப்பெற்ற கிறிஸ்தவ சபையொன்று வேரூன்றித் தழைப்பதற்கு யாது துணையாவது என்னும் விஷயத்தை இன்று நாம் சிறிது ஆராயப் புகுகின்றோம். வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை, திருநெல்வேலிச் சீமையின் சரித்திரமே தக்க சான்றாகும்.

1780-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டிற் கண்ட பெயர்கள் 40 மட்டுமே. அவற்றுள் முதலாவது, குளோரிந்தா என்னும் விதவையாரின் பெயர். அவ்வம்மையாரின் முயற்சியால் 1785-இல் ஆங்கு ஆலயம் எழுந்தது. 1790-இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன், சபையைத் தாய்மொழியிற் போதித்து நடத்தினார். ஆகவே, இந்நாட்டு ஊழியரே முதற்றுணை.

இரண்டாவது துணை அடைக்கலம். புதிதாய்ச் சேர்ந்தோர் துன்புறுத்தப்பட்டபோது, அவர்கள் அச்சமின்றி வாழும்பொருட்டு, தாவீது சுந்தரானந்தம் என்பாரின் முயற்சியால் 1799-இல் முதலூர் தோன்றிற்று. 1830-இல் ரேனியஸ் ஐயர் ஏற்படுத்திய தருமசங்கமும் நிலம் வாங்கிக் குடியேற்றும் பணியை மேற்கொண்டது. குடியிருக்க இடமில்லாதவனுக்குப் பிரசங்கம் மாத்திரம் போதுமோ?

மூன்றாவது கல்வி. தானே வேதத்தை வாசிக்கமாட்டாத சபை எந்நாளும் பிறர் வாயையே நோக்கியிருக்கும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1835-இல் ரேனியஸ் ஐயருக்கும் அவரை அனுப்பிய சங்கத்துக்கும் பிணக்கு நேரவே, சபைகளும் பிளவுண்டன. ஒற்றைத் தூணின்மேல் நிற்கும் வீடு, அத்தூண் அசைந்தால் தானும் ஆடும்.

நான்காவது, தன்னுழைப்பினின்று கொடுத்தல். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. வெள்ளாளன்விளையிற் பிறந்த அசரியா அதற்குப் பெரிதும் உழைத்தார். இந்நாட்டார் பணமும் இந்நாட்டு ஊழியருமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்குச் சென்றன. 1912-இல் அவர் அவ்விடத்து அத்தியக்ஷராயினார். பிறர் நட்ட சபை, தானே பிறவிடத்தில் நடுஞ் சபையாயிற்று.

இறுதியாக ஒன்று, நம் சங்கத்தார் இதனைப் பொறுமையுடன் செவிமடுக்க வேண்டுகின்றோம். முற்கூறிய நாற்பதின்மரும் ஒரே ஜாதியாரல்லர். பல ஜாதியார் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டனர். நம் குலத்தார் மிகுந்துள்ள ஊர்களிற் புதிய சபை தோன்றுமாயின், அதனை நம் குலச்சொத்தாகக் கருதுதல் தகாது. ஒரு குலத்திற்கே வேலியிட்ட சபை அவ்வேலிக்குள்ளேயே குறுகி நின்றுவிடும். அயலார் வந்து அமர இடமுண்டா என்பதை முதலிற் பார்ப்போமாக. ஆலயக் கோபுரத்தின் உயரத்தைப் பின்னர் அளப்போம்.