பருப்பு வேகாத தண்ணீரும் பல்லைக் கெடுக்கும் தண்ணீரும்

வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசி வளர்ந்த சித்தூர், திருப்பதி நண்பர்களே!

நம் ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் எத்தனை அறை என்று அப்புறம்தான் கேட்பார். முதல் கேள்வி, "தண்ணி எப்படிங்க?" வீட்டுக்காரர் என்னவோ பதில் சொல்லிக்கொண்டிருப்பார். வந்தவரின் மனைவி அதைக் காதில் வாங்கமாட்டார். நேரே சமையலறைக்குப் போய்க் குழாயின் மூக்கைப் பார்ப்பார். அங்கே வெள்ளை பூத்திருந்தால் அந்த வீடு வேண்டாம். குளியலறை வாளியின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்க்கிற அம்மாக்களும் உண்டு. வீட்டுத் தரகரைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள்.

அந்த வெள்ளைக்காகக் கொஞ்சம் வக்காலத்து வாங்கத்தான் இன்று மேடை ஏறியிருக்கிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

அது எங்கிருந்து வருகிறது? கடலோரத்து ஊராக இருந்தால் கடலைக் குற்றம் சொல்லலாம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை இறைத்து இறைத்துக் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. நமக்குக் கடல் தூரம். நம் காலடியில் கிடப்பது பழைய கருங்கல் பாறை, அதன்மேல் சுண்ணாம்புக் கங்கர் கலந்த மண். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறை இடுக்கில் தங்கித் தங்கிக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஏரி நிறைந்த வருஷம் புதுநீர் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். ஏரி வற்றிவிட்டால், போர் ஆழமாகப் போகப் போக, பாறைக்குள் பல வருஷம் கிடந்த நீர்தான் மேலே வரும்.

திருமலை மட்டும் வேறு கதை. மலைப்பாதையில் ஏறுகிறவர்கள் சாமியை நினைத்துக்கொண்டு போய்விடுகிறோம், பக்கத்துப் பாறையைப் பார்ப்பதில்லை. அங்கே கீழே கருங்கல், மேலே மணல் இறுகி உண்டான குவார்ட்சைட். இரண்டுக்கும் நடுவே சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி என்கிறார்கள் நிலவியலாளர்கள். இந்திய நிலவியல் துறை அதைத் தேசிய நிலவியல் சின்னமாகவே அறிவித்திருக்கிறது. அந்த மேல்பாறையில் கரைவதற்குச் சுண்ணாம்பு அதிகம் கிடையாது. அதனால்தான் மலை ஊற்று நாக்குக்கு மெதுவாக இருக்கிறது. கீழே திருப்பதிக்குக் கல்யாணி அணை நீரும் தெலுங்கு கங்கை வழியாகக் கிருஷ்ணா நீரும் வருகின்றன. இங்கே சித்தூரில் நீவா ஆறு ஊருக்குள்ளேயே ஓடுகிறது, ஆனால் நாம் போரையும் டேங்கரையும்தான் நம்பியிருக்கிறோம்.

மேசைமேல் இரண்டு குடுவை வைத்திருக்கிறேன், முன்வரிசைப் பிள்ளைகள் கவனியுங்கள். ஒன்றில் பிடித்துவைத்த மழைநீர், மற்றொன்றில் இந்த மண்டபத்துப் போர்த்தண்ணீர். இரண்டிலும் ஒரே மருந்து கலந்திருக்கிறது. இப்போது சொட்டு விடுகிறேன். மழைநீர் உடனே நீலமாகிவிட்டது. போர்த்தண்ணீர் இன்னும் ஒயின் சிவப்பு. விட்டுக்கொண்டே இருக்கிறேன், மாறமாட்டேன் என்கிறது. எத்தனை சொட்டு தேவையோ அத்தனை கால்சியமும் மெக்னீசியமும், அதாவது அத்தனை கடினம், கணக்கு அவ்வளவுதான்.

இந்தக் கடினத்துக்கு நம் நாட்டுத் தர அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 600வரை பொறுக்கலாம். இதனால் வருகிற தொல்லை எதுவும் பொய்யில்லை. துவரம்பருப்பு வேகாது, ஆப்ப சோடா போட வேண்டும். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரியும். கீசர் கம்பியில் ஓடு கட்டி மின்கட்டணம் ஏறும். ஆனால் உடம்புக்கு? கடினத்துக்கென்று உடல்நல வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. நாம் மாத்திரையாக வாங்கி விழுங்குகிற அதே கால்சியம்தானே அது!

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டு எழுதினார்கள். பல்லில் பழுப்புக் கறை, வளையாத முதுகு, மடங்காத மூட்டு. காரணம் கிணற்று நீரில் இருந்த ஃபுளோரைடு. இந்தியாவில் ஃபுளோரைடு நோய் முதலில் பதிவானது அங்கேதான், நமக்குப் பக்கத்து மாவட்டத்தில். ஃபுளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கால்சியம் நிறைய இருக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்க முடியாது, அதோடு சேர்ந்து படிந்துவிடும். ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் பெரும்பாலும் கால்சியம் குறைந்த, சோப்பு நன்றாக நுரைக்கிற நீர்தான். குழாய் மூக்கில் வெள்ளை இல்லை என்று அந்த அம்மா சந்தோஷமாக முன்பணம் கொடுத்த வீட்டில்தான் சோதனை அதிகம் தேவைப்படலாம். உப்புத்தண்ணீர் எல்லாம் பத்திரம் என்று நான் சொல்லவில்லை. கண்ணும் நாக்கும் இதில் சாட்சி சொல்ல முடியாது, அதைத்தான் சொல்கிறேன்.

டிடிஎஸ் மீட்டரும் சாட்சி சொல்லாது. பேனாபோல ஒன்றை முக்கி, எண்ணைக் காட்டி, ஆர்ஓ விற்றுவிட்டுப் போகிறார்கள். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து, கரைந்த உப்பின் மொத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. மீட்டர் காட்டும் நானூறில் ஃபுளோரைடு இரண்டா, அரையா? தெரியாது. செப்டிக் டேங்கிலிருந்து கசிந்த நைட்ரேட்? தெரியாது. சாக்கடைக் கிருமி? அதைப் பற்றி அந்தப் பேனாவுக்குக் கவலையே இல்லை. ஃபுளோரைடு உள்ள இடத்தில் ஆர்ஓ வேண்டியதுதான், நான் எதிரியில்லை. ஆனால் டிடிஎஸ் 500க்குக் கீழே உள்ள இடங்களில் அதற்குத் தடை வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. வீட்டு மெஷின் ஒரு குடம் நல்ல நீர் கொடுக்க மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. மூன்று குடம் தண்ணீருக்குத் தெருவில் சண்டை போட்ட ஊர் இது!

ஆகவே ஒரே கோரிக்கை. ஒவ்வொரு வார்டிலும் தண்ணீர்ச் சோதனை முடிவை எல்லாரும் பார்க்கிற இடத்தில், தெலுங்கிலும் தமிழிலும் ஒட்ட வேண்டும். ஃபுளோரைடு, நைட்ரேட், கோலிஃபார்ம் கிருமி, கடைசி வீட்டுக் குழாயில் மிச்சமிருக்கும் குளோரின். கடினத்தையும் எழுதட்டும், பருப்புக்கு உதவும். தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். போர் வைத்திருப்பவர்கள் ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலம்பி, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். தெருப் பெயரும் போர் எத்தனை அடி என்பதும் எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் அந்தப் பாட்டில் ஆகாது. ஆய்வகத்தில் தரும் சுத்தமான குப்பியில்தான் பிடிக்க வேண்டும், அதை அலம்பவும் கூடாது. வாசலில் இளைஞர்கள் நோட்டோடு நிற்கிறார்கள். போகும்போது பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.