துண்டும் குண்டும்



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியர் ஈர்ப்புப் பாடம் நடத்திய விதம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நான்கு பையன்களிடம் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொல்வார். நடுவில் ஓர் இரும்புக் குண்டு. துண்டு குழியும். ஓரத்தில் கோலியை உருட்டினால் அது வளைந்து ஓடிக் குண்டைச் சுற்றும். சூரியன் கயிறு கட்டி இழுக்கவில்லை, வெளி வளைந்திருக்கிறது, பூமி அந்த வளைவில் ஓடுகிறது என்பார்.

நானும் வாத்தியாராகி இருபது வருஷம் அதையே செய்தேன். ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: “துண்டு ஏன் சார் குழியுது? குண்டைப் பூமி இழுக்கிறதாலதானே?” ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மணி அடித்து என்னைக் காப்பாற்றியது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்று சொல்கிறேன்.

1907இல் ஐன்ஸ்டைன் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒன்று தோன்றியது: கீழே விழுந்துகொண்டிருப்பவனுக்குத் தன் எடை தெரியாது. சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 விழுக்காடு அங்கேயும் உண்டு. நிலையமும் மனிதர்களும் சேர்ந்தே விழுவதால் மிதக்கிறார்கள். நமக்கோ, நாற்காலி கீழிருந்து தாங்குவதுதான் எடையாகத் தெரிகிறது. ஆக, விழுகிற பொருளை யாரும் எதுவும் செய்யவில்லை. அது தன்போக்கில் நேராகப் போகிறது.

நேராகப் போனால் ஏன் தரையில் வந்து மோத வேண்டும்? ஒரு பரங்கிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடுப்பிலிருந்து இரண்டு எறும்புகள் பக்கத்துப் பக்கத்து வரிகளில் காம்பை நோக்கிப் புறப்படுகின்றன. இரண்டும் இடம் வலம் திரும்பவில்லை. ஆனாலும் நெருங்கி நெருங்கிக் காம்பில் முட்டிக்கொள்கின்றன. ஒன்றை ஒன்று இழுத்ததா? இல்லை. பரங்கிக்காயின் உருவம் அப்படி.

சரி, நமக்கு எது பரங்கிக்காய்? 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் பெர்லினில் முன்வைத்த விடை, வெளி மட்டுமல்ல, வெளியும் காலமும் சேர்ந்த காலவெளி. கல் விழுவதில் பெரும்பங்கு காலத்தின் வளைவுக்கே. நம் துண்டில் காலம் இல்லை!

காலம் வளைவது என்றால் என்ன? உயரத்தில் இருக்கும் கடிகாரம் தாழ்வில் இருப்பதைவிட வேகமாக ஓடும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. உயரத்தால் அவற்றின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 45 மைக்ரோவிநாடி முந்துகின்றன. ஓடும் வேகத்தால் 7 பிந்துகின்றன. நிகரமாக 38 மிச்சம். இதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும்.

நீங்கள் மேலே எறியும் கல்லும் இதே வரவுசெலவைப் பார்க்கிறது. புறப்பட்ட இடமும் நேரமும், திரும்பும் இடமும் நேரமும் முடிவாகிவிட்டால், நடுவே தன் கடிகாரம் எந்த வழியில் அதிகம் காட்டுமோ அந்த வழியில் அது போகும். உயரே போனால் வரவு. அதற்காக வேகம் எடுத்தால் செலவு. இரண்டுக்கும் நடுவே படிந்த பேரம்தான் நாம் காணும் அந்த ஏற்ற இறக்கம். கல்லைப் பேரம் பேச வைத்ததற்கு இயற்பியலார் மன்னிக்க வேண்டும், கணக்கு சரிதான்.

அப்படியானால் வெளியின் வளைவு எங்கே போயிற்று? ஒரு விநாடி என்பது காலத்தின் திசையில் 3 லட்சம் கி.மீ. நீளத்துக்குச் சமம். அந்த ஒரு விநாடியில் கல் வெளியில் கடப்பதோ சில மீட்டர். வெளி வளைந்திருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஒளிக்குத்தான் தெரியும், அது இரண்டிலும் சமமாக ஓடுவதால்.

1911இல் ஐன்ஸ்டைன் காலத்தின் பங்கை மட்டும் வைத்து, சூரியனை உரசிவரும் விண்மீன் ஒளி எவ்வளவு வளையும் என்று கணக்கிட்டிருந்தார். கிடைத்தது சரியான விடையில் பாதி. அதைச் சோதிக்க ஃபிராய்ன்ட்லிக் என்ற ஜெர்மானிய வானியலாளர் 1914 ஆகஸ்ட் கிரகணத்துக்காகக் கிரிமியா போனார். போர் மூண்டது, ரஷ்யர்கள் அவரைச் சிறைபிடித்தார்கள். படம் எடுத்திருந்தால் ஐன்ஸ்டைன் கணக்கு தப்பு என்றுதான் செய்தி வந்திருக்கும். அடுத்த ஆண்டு வெளியின் பங்கையும் சேர்த்தபோது 1.75 வில்விநாடி வந்தது. வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. 1919 மே 29 கிரகணத்தில் வானியலாளர் எடிங்டனின் குழு பிரின்சிபித் தீவில் அளந்தது 1.61. பிரேசிலின் சோப்ராலில் இன்னொரு குழு அளந்தது 1.98.

ஆசிரியரின் துண்டு பொய் சொல்லவில்லை, அம்மா. 1915இல் வந்து சேர்ந்த பாதி அதில் இருந்தது. பாடம் முடிந்து பையன்கள் துண்டை விட்டதும் குண்டு ‘தொப்’பென்று தரையில் விழுமே, அது மற்றப் பாதி.