மதிப்பெண் இல்லாத தேர்ச்சி அறிக்கையை வாசிப்பது எப்படி?

(தொடக்கப்பள்ளி மதிப்பீட்டு மாற்றங்கள் குறித்துப் பெற்றோருக்காக நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரை)



நான் ஆசிரியை இல்லை, கல்வி அதிகாரியும் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் தொடர்பு ஊடகத் துறையில் பட்டயப் படிப்பு முடித்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தவள். அந்தப் படிப்பில் முதலில் சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. அனுப்பியவர் என்ன சொன்னார் என்பது பாதிதான். கேட்டவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதுதான் மறுபாதி. இன்று நான் பேசப்போவதும் அதைப் பற்றித்தான். பள்ளி நமக்கு ஒரு செய்தியை அனுப்புகிறது. அது நம் வீட்டுக்குச் சரியாக வந்து சேர்கிறதா?

இந்த நிகழ்ச்சிக்காகப் பெற்றோர் பலரிடம் பேசினோம். அதிகமாகக் காதில் விழுந்த கேள்வி இது: "தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதும் இல்லை. பிறகு என் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?" நியாயமான கேள்வி. பதில் சொல்லுமுன், என்னென்ன மாறியது என்பதை வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

மாறியது என்ன?

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. 2009ஆம் ஆண்டிலேயே, திருமதி கிரேஸ் ஃபூ தலைமையில் அமைந்த தொடக்கக் கல்வி மறுஆய்வுக் குழு, கீழ்வகுப்புகளில் தேர்வுக்குத் தரும் அழுத்தத்தைக் குறைத்து, பிள்ளையின் முழு வளர்ச்சியையும் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2012ல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைக் கல்வி அமைச்சு நிறுத்தியது.

பெரிய மாற்றங்கள் 2018 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டன. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் திரு ஓங் யி காங். 2019 முதல் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில், மொத்த மதிப்பெண்ணில் சேர்க்கப்படும் தேர்வுகள் எவையும் நடத்தப்படுவதில்லை. மற்ற வகுப்புகளின் அரையாண்டுத் தேர்வுகள் படிப்படியாக நீக்கப்பட்டன. 2023 முதல் எந்தத் தொடக்கப்பள்ளி வகுப்பிலும் அரையாண்டுத் தேர்வு இல்லை.

வீட்டில் நாம் 'ரிப்போர்ட் புக்' என்று சொல்லும் தேர்ச்சி அறிக்கையும் 2019ல் மாறியது. வகுப்பில் எத்தனையாவது இடம், வகுப்பின் சராசரி, ஆக அதிக மதிப்பெண், ஆகக் குறைந்த மதிப்பெண் ஆகிய விவரங்கள் எடுக்கப்பட்டன. தோல்வியடைந்த பாடத்தைக் கோடிட்டோ வண்ணமிட்டோ காட்டுவதும் நின்றது. மதிப்பெண் தரப்படும் வகுப்புகளில் அது தசமப் புள்ளி இல்லாமல் முழு எண்ணாகத் தரப்படுகிறது. கற்பது பிறரை முந்தும் போட்டியாக இருக்கக்கூடாது என்பதே இதற்கு அமைச்சு சொன்ன காரணம்.

நல்ல நோக்கம், மறுக்க முடியாது. 38 பேர் உள்ள வகுப்பில் 35ஆவது என்று ஓர் ஏழு வயதுப் பிள்ளையின் கையில் எழுதிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்ளும்?

மௌனத்தை நல்ல செய்தி என்று எண்ண வேண்டாம்

ஆனால் பெற்றோர்களே, இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. முன்பெல்லாம் சிவப்பு மையில் 42 என்று இருந்தால் படிப்பறிவு குறைந்த பாட்டிக்கும் விஷயம் புரிந்துவிடும். இப்போது தொடக்கநிலை 1, 2 வகுப்புகளின் அறிக்கையில் எண்ணுக்குப் பதிலாகச் சொற்கள் இருக்கின்றன. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல், எண்களைப் புரிந்துகொள்ளுதல் எனத் திறன்கள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் பிள்ளை இப்போதுதான் தொடங்கியிருக்கிறதா, வளர்ந்து வருகிறதா, தேர்ச்சி பெற்றுவிட்டதா என்று ஆசிரியர் குறித்திருப்பார்.

இதில் ஒரு சொல்லும் கடுமையான சொல் இல்லை. எல்லாமே இதமாகத்தான் இருக்கும். அதனால் சில வீடுகளில் என்ன நடக்கிறது? "ஃபெயில் என்று எங்கும் போடவில்லையே, அப்படியென்றால் பிள்ளை நன்றாகத்தான் படிக்கிறான்" என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

தொடக்கநிலை 1ன் முடிவில் ஆங்கில வாசிப்பில் 'தொடங்கும் நிலை' என்று இருந்தது. தொடக்கநிலை 2ன் முடிவிலும் அதே சொல் இருக்கிறது. அப்படியென்றால் ஓராண்டு முழுவதும் பிள்ளை அந்தத் திறனில் முன்னேறவில்லை என்று ஆசிரியர் நமக்குச் சொல்கிறார் என்று பொருள். சத்தம் போடாமல் சொல்கிறார், அவ்வளவுதான்.

தொடக்கநிலை 3ல் மொத்த மதிப்பெண்ணில் சேரும் தேர்வுகள் தொடங்குகின்றன. அறிவியல் என்ற புதிய பாடமும் சேர்கிறது. கணிதக் கேள்விகளே கதை போல நீளமாக வரும். வாசிப்பு தடுமாறும் பிள்ளை அங்கே மூன்று பாடங்களில் ஒரே நேரத்தில் தடுமாறும். தொடக்கநிலை 4 முடியும்போது, எந்தெந்தப் பாடத்தைப் பொது நிலையில் படிப்பது, எதை அடிப்படை நிலையில் படிப்பது என்று பள்ளி பரிந்துரை செய்யும். அந்தப் படிவத்தில் முடிவெடுத்துக் கையெழுத்திட வேண்டியவர்கள் நாம்தான். தொடக்கநிலை 1ல் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அந்தப் படிவத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

உதவி இருக்கிறது. தொடக்கநிலை 1 தொடக்கத்திலேயே பள்ளிகள் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்புத் திறனைச் சோதித்துப் பார்க்கின்றன. உதவி தேவைப்படுவோர் கற்றல் ஆதரவுத் திட்டத்தில் சேர்க்கப்படுகிறார்கள். எட்டு முதல் பத்துப் பிள்ளைகள் கொண்ட சிறு குழுவில், நாள்தோறும் அரை மணி நேரம், பயிற்சி பெற்ற ஆசிரியர் கற்பிப்பார். கணிதத்துக்கும் இப்படி ஒரு திட்டம் உண்டு. "என் பிள்ளையைத் தனியாகப் பிரித்துவிட்டார்களே" என்று சில பெற்றோர் மனம் வருந்துகிறார்கள். தயவுசெய்து வருந்தாதீர்கள். சிறு குழுவில் கிடைக்கும் இந்தக் கவனம் பிள்ளைக்கு நல்லது.

தேர்வு எங்கே போனது?

இன்னொரு பக்கமும் உண்டு. பள்ளி அரையாண்டுத் தேர்வை எடுத்ததும், அதைத் தாங்களே வீட்டுக்குக் கொண்டுவந்த பெற்றோரும் இருக்கிறார்கள். கடைகளில் பயிற்சி நூல்கள் குவிந்து கிடக்கின்றன. மாதிரித் தேர்வு நடத்தி, முன்பு பள்ளி தந்த இடவரிசையைத் தாங்கள் தருகிற துணைப்பாட நிலையங்களும் இருக்கின்றன. தேர்வு பள்ளியை விட்டுப் போனது உண்மை. நேரே துணைப்பாட நிலையத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் பிள்ளைக்கு என்ன லாபம்?

துணைப்பாடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேவைப்படும் பிள்ளைக்குத் தேவைதான். நம் சமூகத்தில் சிண்டா குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகள் நடத்துகிறது. ஆனால் முதலில் பள்ளி அறிக்கையைப் பாருங்கள். பிள்ளைக்கு எந்தத் திறனில் குறை என்று தெரிந்துகொண்டு, அதற்கு மட்டும் உதவி தேடுங்கள். காய்ச்சலா, வயிற்றுவலியா என்று பார்க்காமல் எல்லா மருந்தையும் வாங்கிக் கொடுப்போமா?

எண் சிறியதானால் நல்லது

இனி, மூத்தவர்களை அதிகம் குழப்பும் ஒன்றைப் பார்ப்போம். பேரன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதினான். "எவ்வளவு?" என்று தாத்தா கேட்கிறார். "பத்து" என்கிறான். தாத்தாவின் முகம் வாடிவிடுகிறது. தாத்தா, பத்து மிக நல்ல முடிவு!

2020 வரை இருந்த முறையில், மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு இருநூறுக்கு மேற்பட்ட எண்களில் புள்ளிகள் தரப்பட்டன. 2021 முதல் அடைவுநிலை முறை நடப்பில் உள்ளது. மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பது உங்கள் பிள்ளையின் நிலையை மாற்றாது. 90ம் அதற்கு மேலும் அடைவுநிலை 1. 85 முதல் 89 வரை நிலை 2. 80 முதல் 84 வரை நிலை 3. 75 முதல் 79 வரை நிலை 4. 65 முதல் 74 வரை நிலை 5. 45 முதல் 64 வரை நிலை 6. 20 முதல் 44 வரை நிலை 7. 20க்குக் கீழ் நிலை 8. நான்கு பாடங்களின் நிலைகளையும் கூட்ட வேண்டும். ஆகச் சிறந்தது 4, ஆகக் குறைந்தது 32.

ஓர் எடுத்துக்காட்டு. ஆங்கிலம் 82, கணிதம் 91, அறிவியல் 76, தமிழ் 88. நிலைகள் 3, 1, 4, 2. கூட்டினால் 10. இங்கே கணிதத்தில் 91க்குப் பதில் 98 வாங்கியிருந்தாலும் அதே 10தான். ஆகவே 91 வாங்கிய பிள்ளையை "அந்த ஒன்பதை எங்கே விட்டாய்?" என்று கேட்காதீர்கள்.

தமிழுக்கும் மற்ற மூன்று பாடங்களுக்குச் சமமான எடை உண்டு என்பதை இந்தக் கூட்டலிலேயே பார்க்கிறோம். வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைக்கு அது ஒரு பலம்.

அடிப்படை நிலையில் எடுக்கும் பாடத்துக்குக் கணக்கு வேறு. 75ம் அதற்கு மேலும் எடுத்தால் 'ஏ'. மொத்தத்தில் அது 6 என்று சேரும். தொடக்கநிலை 4 முடிவில் நாம் கையெழுத்திடும் படிவத்தை ஏன் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பது இப்போது விளங்கும். அதற்காக அடிப்படை நிலை என்றாலே தாழ்வு என்று எண்ண வேண்டாம். கடினமான பாடத்தில் மூழ்கி, மற்றப் பாடங்களையும் இழக்கும் பிள்ளைக்கு அது மூச்சுவிட இடம் தரும்.

உயர்நிலைப் பள்ளியிலும் பழைய கதவுகள் இல்லை. 2024ல் உயர்நிலை 1ல் சேர்ந்த மாணவர்கள் முதல், விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் நீக்கப்பட்டு, பாட அடிப்படையிலான முறை முழுமையாக வந்துவிட்டது. மொத்தப் புள்ளிகள் சற்று அதிகமாக இருந்தாலும், பொது நிலையில் எழுதிய ஒரு பாடத்தில் அடைவுநிலை 5 அல்லது அதைவிடச் சிறந்த நிலையைப் பெற்றால், அந்தப் பாடத்தை மட்டும் ஆக உயர்ந்த ஜி3 நிலையில் படிக்கலாம்.

ஆசிரியரிடம் கேட்க மூன்று கேள்விகள்

பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குப் போகும்போது "பிள்ளை எப்படி?" என்று மட்டும் கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். இந்த மூன்றைக் கேளுங்கள்.

ஒன்று: "என் பிள்ளை தன் வகுப்புக்கு ஏற்ற புத்தகத்தைத் தானாக வாசிக்கிறதா? எங்கே தடுமாறுகிறது?"

இரண்டு: "சென்ற தவணையில் செய்ய முடியாத எதை இந்தத் தவணையில் செய்கிறது?" இந்தக் கேள்விக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை தேவையில்லை. உங்கள் பிள்ளையை உங்கள் பிள்ளையோடு மட்டும் ஒப்பிடும் கேள்வி இது.

மூன்று: "வீட்டில் நான் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் சொல்லுங்கள்." பத்துச் சொன்னால் மறந்துபோகும். ஒன்றென்றால் நாளையே தொடங்கலாம்.

சில தாய்மார்கள் ஆங்கிலம் சரளமாக வராது என்பதால் சந்திப்புக்குப் போகவே கூச்சப்படுகிறார்கள். பள்ளியில் தமிழாசிரியர் இருக்கிறார். அறிக்கையை அவரிடம் காட்டி, "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், ஐயா?" என்று கேளுங்கள். இரவுப் பணி செய்யும் தந்தையர், குறித்த நேரத்தில் வர முடியாவிட்டால் தொலைபேசியில் பேச நேரம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அறிக்கையை வாசித்துப் பொருள் புரிந்துகொள்ளும் வீடும், புரியாமல் கையெழுத்திடும் வீடும் ஒரே மாடியில் அடுத்தடுத்து இருக்கலாம். இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கலாம். மதிப்பெண் இருந்த காலத்தில் செய்தி இருவருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்ந்தது. இப்போதும் அப்படிப் போய்ச் சேர வேண்டும் என்றால், தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தில் சந்திக்கும்போது, கோயிலில் காணும்போது, புலனக் குழுவில் பேசும்போது சொல்லுங்கள்.

அடுத்த முறை அறிக்கை வீட்டுக்கு வரும்போது, கையெழுத்திடுமுன் சென்ற ஆண்டின் அறிக்கையையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று பாருங்கள். மாறியதற்குப் பிள்ளையைப் பாராட்டுங்கள். மாறாததைப் பற்றி ஆசிரியரிடம் பேசுங்கள்.