பத்திரத்தில் இல்லாதவர்கள்

 

'உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு' என்று சங்கச் செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். ஒரு வக்கீலுக்குத் தொண்டையைச் சரிசெய்துகொள்ளவே பத்து நிமிஷம் ஆகும். இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

மனைப்பிரிவு போடுகிறவர்கள், அடுக்குமாடி கட்டுகிறவர்கள், அவர்களுக்கு நிலம் கொடுக்கிற பட்டாதாரர்கள், இவர்கள்தான் என் கட்சிக்காரர்கள். கோர்ட்டில் நிற்பதைவிட தாலுகா ஆபீசுக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் நடப்பதுதான் எனக்கு அதிகம். 'என்னப்பா, நீ பில்டர் பக்கமா?' என்று பழைய நண்பர்கள் கேட்பதுண்டு. கேட்கிற குரலில் கொஞ்சம் கிண்டலும் இருக்கும். பீஸ் கொடுக்கிறவர் பில்டர்தான், மறுக்கவில்லை. ஆனால் என் மேசைக்கு வராத மூன்று பேரை மறந்துவிட்டு எந்தப் பத்திரத்தையும் படிக்க முடியாது. அந்த மூவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலாமவர், வீட்டுப் பெண். தந்தை காலமான பிறகு மூன்று சகோதரர்கள் பூர்வீக நிலத்தை ஜாயிண்ட் வென்ச்சருக்குக் கொடுக்க வந்தார்கள். 'நாங்க மூணு பேரும் கையெழுத்துப் போடறோம் சார்.' கூடப் பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லையா என்று கேட்டேன். 'ரெண்டு அக்கா இருக்காங்க. நகை போட்டு, சீர் செஞ்சு எப்பவோ அனுப்பிட்டோமே!' சீர் வேறு, பங்கு வேறு. 1989ல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் உரிமை தந்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமானவர்களை விட்டுவிட்டது. 2005ல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. தந்தை 2005ல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 20-12-2004க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகி முடிந்திருந்தால் அது வேறு விஷயம். இவர்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. அக்காமார் இருவரையும் வரவழைத்து, அவரவர் பங்கை எழுதி, அவர்கள் பெயரிலேயே காசோலை கொடுத்த பிறகுதான் ஒப்பந்தம் போட்டோம். நான்கு மாதம் தாமதம். பில்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு பாகப்பிரிவினை வழக்கு வந்தால் எத்தனை வருஷம் இழுக்கும் என்று எண்ணிப் பார்த்த பிறகு அவரே சமாதானமானார்.

இரண்டாமவர், தண்ணீர். சிரிக்காதீர்கள்! பட்டாவில் தெரியாதது புல வரைபடத்தில் தெரியும். ஏரிக்குப் போகிற வாய்க்கால் தனி சர்வே எண்ணோடு ஒரு மெல்லிய கோடாக நிலத்தின் நடுவே ஓடும். 'அ' பதிவேட்டைப் புரட்டினால் 'புறம்போக்கு' என்று இருக்கும். அப்படி ஓர் இடத்தைக் கொண்டுவந்த ஒருவர், 'பத்து வருஷமா அதுல தண்ணி வந்து நான் பார்த்ததே இல்லை சார், மூடிட்டு ரோடு போட்டுடலாம்' என்றார். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அது சர்க்கார் நிலம், உங்கள் வரைபடத்துக்குள் வராது, அதை விட்டுத்தான் மனை பிரிக்க வேண்டும் என்றேன். கணக்குப் பார்த்தார், பல மனைகள் போயின. பைலை எடுத்துக்கொண்டு வேறு வக்கீலிடம் போய்விட்டார். பீசும் போயிற்று. அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் புறநகரில் மொட்டை மாடிகளில் நின்ற குடும்பங்களைப் பார்த்தவர்கள், அந்த மெல்லிய கோட்டை அலட்சியமாகப் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாமவர், நாளைக்கு அந்த மனையை வாங்கப்போகிறவர். வருங்கால வைப்பு நிதியை எடுத்து, மனைவியின் நகையை அடகு வைத்து, ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறி சைட் பார்க்க வருகிறாரே, அவர்தான். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஒரு முத்திரையைக் காட்டிப் பல ஊர்களில் விற்றார்கள். மனைப்பிரிவுக்குத் தன்னிச்சையாக அனுமதி தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. 1971ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முறையான அனுமதி வேண்டும். 9-9-2016 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. பெண்ணின் கல்யாணத்துக்காக மனையை விற்க நினைத்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2017ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 20-10-2016 வரை விற்றுப் பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி வழி பிறந்தது. விற்றவர் லாபத்தோடு போய்விட்டார், கட்டணம் கட்டியவர் வாங்கியவர்.

பூங்கா விஷயமும் இப்படித்தான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். விளம்பர நோட்டீசில் பூங்காவாக இருந்த இடம், அடுத்த வருஷம் மனை நம்பர் 64 ஆகிவிடக் கூடாது அல்லவா?

இவர்களுக்காகப் பேசுவது கட்சிக்காரருக்குத் துரோகம் ஆகாதா என்று ஒரு ஜூனியர் கேட்டார். நல்ல கேள்வி. கட்சிக்காரர் என்னிடம் காசு கொடுத்து வாங்குவது, பின்னால் வரக்கூடிய வழக்கை முன்னாலேயே பார்த்துச் சொல்லும் கண்ணைத்தான். 'எல்லாம் கிளியர்' என்று எழுதித் தருவதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதுமே!

நிலம் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பில்டருக்கு 'பவர்' கொடுக்கும்போது நிதானம் வேண்டும். 'பிடிக்கலைன்னா கேன்சல் பண்ணிக்கலாம்' என்பார்கள். பவர் வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் உரிமை ஏற்பட்டிருந்தால், 1872ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 202வது பிரிவு சும்மா விடாது. உங்கள் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாமல் போகலாம். முதலில் அனுமதி வாங்குவதற்கு மட்டும் பவர் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தை அவர் பங்குக்கு மட்டும், வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். முடிக்க வேண்டிய தேதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் சார்பதிவாளர் அலுவலகத்தில் செல்லாது.

மாணவச் செல்வங்களே! உங்களில் சட்டம் படிக்கப் போகிறவர்கள் சிலராவது இருப்பீர்கள். இந்தத் துறைக்கு வாருங்கள், வேலை நிறைய இருக்கிறது. சட்டப் புத்தகத்தோடு புல வரைபடம் படிக்கவும் பழகுங்கள். ஒரு தடவையாவது வெயிலில் போய் நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். மற்றவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுங்கள். தாய்ப்பத்திரம் இருக்கிறதா? பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கிறதா? அத்தைமார் பங்கு என்ன ஆயிற்று? கேட்டால் வீட்டில் கொஞ்சம் சலசலப்பு வரும். பரவாயில்லை, அது கோர்ட்டில் வருவதைவிட நல்லது.