ஜப்பானில் குடியேறிய கட்லெட்



ரயில் பயணத்திலும் காப்பிக் கடையிலும் கட்லெட் என்ற பண்டத்தை நம்மில் பலர் உண்டிருக்கிறோம். உருளைக்கிழங்கையும் காய்கறிகளையும் வேகவைத்து மசித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தெடுப்பது அது. ஆனால் அந்தப் பெயரோ, பிரெஞ்சு மொழியில் 'சிறு விலா எலும்பு' எனப் பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து ஆங்கிலத்தின் வழியாக வந்தது. எலும்போடு கூடிய இறைச்சித் துண்டத்தின் பெயர், ஊன் உண்ணாதவருடைய தட்டிலும் இடம் பெற்றுவிட்டது!

இதே சொல் ஜப்பானுக்கும் சென்றது. ஜப்பானியர் நாவில் அது 'கட்சுரெட்சு' ஆகி, பின்னர் 'கட்சு' எனக் குறுகிற்று. இன்று அந்த நாட்டில் உருண்டை ரொட்டியைக் குறுக்கே பிளந்து, நடுவில் பொரித்த இறைச்சித் துண்டத்தையும் நறுக்கிய முட்டைக்கோசையும் வைத்துக் 'கட்சு பர்கர்' என விற்கிறார்கள். சிறுவரும் அலுவலகம் செல்வோரும் நின்றபடியே உண்ணும் எளிய சிற்றுண்டிதான். எனினும் அதன் பின்னே ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

கி. பி. 675-ஆம் ஆண்டில் தெம்மு என்ற ஜப்பானியப் பேரரசர் ஓர் ஆணை பிறப்பித்தார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தின் இறைச்சியையும் பயிர்க்காலத்து மாதங்களில் உண்ணலாகாது என்பது அவ்வாணை. பௌத்தத்தின் கொல்லாமையும் உழவின் தேவையும் அதில் கலந்திருந்தன. காலப்போக்கில் நாற்கால் விலங்கின் ஊனே தீட்டு என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. மீன் உண்டார்கள், ஊனை ஒதுக்கினார்கள். ஆசையை அடக்க முடியாத சிலர் காட்டுப் பன்றிக்கு 'மலைத் திமிங்கிலம்' என்று பெயரிட்டு, மீன் வகையிற் சேர்த்து உண்டதும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மேனாட்டுப் போர்க்கப்பல்கள் ஜப்பானின் கதவைத் தட்டின. மேனாட்டாரின் உடல் வலிமைக்கு ஊனுணவே காரணம் என மெய்ஜி அரசினர் கருதினர். 1872-ஆம் ஆண்டு ஜனவரியில் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டார்; அச்செய்தி நாடெங்கும் பரப்பப்பட்டது. அடுத்த மாதமே, மலைகளில் நோன்பிருக்கும் நெறியினரான துறவியர் சிலர், ஊனுணவால் நாட்டின் புனிதம் கெட்டது என்று முறையிட அரண்மனைக்குள் புக முயன்றனர். காவலரோடு நேர்ந்த மோதலில் அவர்களுட் சிலர் மாண்டனர். உணவை மாற்றுவது சட்டையை மாற்றுவது போன்றதன்று. அது ஒருவர் தம்மை யார் என்று கருதுகிறாரோ அந்த எண்ணத்தையே தொடுவது.

அரசன் உண்டு காட்டினான். ஆனால் குடிமக்களின் நாவுக்கு யார் ஆணையிடுவது? வெண்ணெயின் மணமும் கத்தியும் முள்கரண்டியும் அவர்களுக்கு அந்நியமாகவே இருந்தன. அரசாணையால் ஆகாததை அடுக்களை செய்தது.

முதலில் ரொட்டியைப் பார்ப்போம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த ரொட்டியை ஜப்பானியர் இன்றும் 'பான்' என்கின்றனர். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்பதும் அதே போர்த்துக்கீசியச் சொல்லே. பெயர் நிலைத்ததே தவிர, சோறுண்ணும் மக்களிடையே ரொட்டி நெடுங்காலம் பரவவில்லை. 1874-இல் டோக்கியோவின் கின்சா வட்டாரத்தில் கிமுராயா என்ற கடையினர், அரிசி மதுவுக்குரிய நுரைமாவால் மாவைப் புளிக்கவைத்து, உள்ளே இனித்த பயற்றுப் பூரணம் வைத்து ரொட்டி சுட்டனர். மக்கள் அதை விரும்பி வாங்கினர். பழகிய பூரணம் உள்ளே இருந்ததால் பழகாத ரொட்டியும் இனித்தது.

அடுத்து இறைச்சி. அதே கின்சாவில் 1895-இல் தொடங்கப்பட்டது ரெங்காதெய் என்ற உணவுச்சாலை. மேனாட்டு முறைப்படி இறைச்சித் துண்டத்தை வெண்ணெயில் வாட்டி அடுப்பில் வைத்து எடுத்தால் வாடிக்கையாளருக்குத் திகட்டியது. ஆகவே 1899-இல் பன்றி இறைச்சித் துண்டத்தை, 'தெம்புரா' பொரிப்பது போல, நிறைந்த எண்ணெயில் மூழ்கப் பொரித்தார்கள் என்பது அக்கடையின் வரலாறு. தெம்புராவும் போர்த்துக்கீசியரிடம் கற்றதே. நம் பஜ்ஜியைப் போல மாவில் தோய்த்துப் பொரிப்பது. 1904-இல் ருசியப் போர் மூண்டு சமையற்காரர் படைக்குச் சென்றபோது, வேகவைத்த காய்கறிகளுக்கு ஆள் போதாமல், பச்சை முட்டைக்கோசையே மெல்லியதாய் அரிந்து வைத்தனராம். ஆட்பஞ்சத்தில் வந்த அந்த முட்டைக்கோசு இன்றுவரை கட்சுவை விட்டுப் பிரியவில்லை.

செய்முறையையும் சற்றுச் சொல்ல வேண்டும். இறைச்சியில் முதலில் கோதுமை மாவைத் தூவுவார்கள்; அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் அடித்த முட்டையில் தோய்ப்பார்கள். அது பசை போல் நிற்கும். கடைசியாக ரொட்டித்தூள். நாம் பயன்படுத்துவது போன்ற பொடித்தூளன்று. வெள்ளை ரொட்டியைச் சீவல் சீவலாக உதிர்த்த பெருந்தூள். அச்சீவல்களுக்கிடையே காற்று நிற்பதால், பொரித்தபின் எண்ணெய் வடிந்து, மேற்புறம் நெடுநேரம் மொறுமொறுப்பாக இருக்கும். இந்தத் தூள்தான் ஜப்பானியர் கைவண்ணம்.

1930 வாக்கில் தடித்த பன்றித் துண்டம் 'டொன்கட்சு' என்ற பெயரோடு டோக்கியோக் கடைகளில் பரவியது. 'டொன்' என்பது பன்றியைக் குறிக்கும் சொல். மேனாட்டுச் சொல்லோடு அது கைகோத்துக்கொண்டது. சமையலறையிலேயே துண்டுகளாக வெட்டி, சோற்றோடும் சூப்போடும் வைத்தார்கள். இரு குச்சிகளால் எடுத்துண்ணலாம். கத்தியும் முள்கரண்டியும் மேசையைவிட்டு அகன்றன. அந்நியப் பண்டம் அன்றுதான் வீட்டுப் பண்டமாயிற்று. 'கட்சு' என்ற ஒலிக்கு ஜப்பானிய மொழியில் 'வெல்லுதல்' என்ற பொருளும் இருப்பதால், தேர்வுக்கு முன்னாள் மாணவர் இதை உண்பதும் வழக்கமாயிற்று.

உயெனோ வட்டாரத்தில் 1930-இல் தோன்றிய இசென் என்ற கடை, 1935-இல் அதே துண்டத்தை ரொட்டிகளுக்கிடையே வைத்து விற்கத் தொடங்கியது. அங்கு வந்த கெய்ஷாப் பெண்களின் உதட்டுச் சாயம் கலையாதபடி ரொட்டிகளைச் சிறியனவாக வெட்டியதாகக் கூறுவர். 1971 ஜூலையில் அமெரிக்க மக்டொனால்டு நிறுவனம் கின்சாவிலே தன் முதற்கடையைத் திறந்தது. உருண்டை ரொட்டி நகரெங்கும் பரவிற்று. மறு ஆண்டே மோஸ் பர்கர் என்ற உள்நாட்டு நிறுவனம் எழுந்து, சோயாச் சாற்றையும் கட்சுவையும் அந்த ரொட்டிக்குள் வைத்தது. அமெரிக்காவின் ரொட்டி வந்தபோது, அதனுள்ளே வைக்க ஜப்பானியரிடம் தமக்கென ஒரு பண்டம் ஆயத்தமாக இருந்தது.

அன்பர்களே, அயல்நாட்டு உணவு நம் தெருக்களில் நுழைவதைக் கண்டு கவலைப்படும் பெரியோர் உண்டு. அக்கவலையை நான் எள்ள மாட்டேன். அரண்மனை வாயிலில் உயிர்விட்ட துறவியரும் அவ்வாறு கவலைப்பட்டவரே. ஆயினும், கட்சு பர்கரில் ரொட்டியும் பெயரும் பொரிக்கும் முறையும் வெளியிலிருந்து வந்தவை. அதை ஜப்பானியப் பண்டம் அன்று என்று எவரும் சொல்வதில்லை. வந்ததை வந்தபடியே விழுங்காமல், தம் நாவுக்கும் கைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளப் பெயர் தெரியாத சமையற்காரர் பலர் உழைத்தனர். விலா எலும்பை உருளைக்கிழங்காக்கிய நம் சமையற்காரரும் அவர்களுக்கு உறவினரே. கடன் வாங்குவதில் இழுக்கில்லை; வாங்கியதில் நம் கை படாமல் இருப்பதே இழுக்கு.